ஒரு பம்ப் ஸ்டவ்வின் ஜீர்ணோத்தாரணம்

பழைய பித்தளையை எடைக்கு வாங்கி எடைக்கே விற்கும் கடைகளில், அடி தேய்ந்த அண்டாக்களுக்கும் கைப்பிடி போன கூஜாக்களுக்கும் நடுவே, கால்கள் வளைந்து, பர்னர் கரியேறி, ஒரு பம்ப் ஸ்டவ்வாவது கிடக்காமல் இராது. ஒரு காலத்தில் நம் நகரத்துச் சமையலறைகளில் விறகின் புகையை அகற்றி, விடியற்காலையில் காப்பிக்கு வெந்நீர் தந்து, நள்ளிரவில் குழந்தைக்குப் பால் காய்ச்சி, திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் பிரம்மசாரிகளின் ஒற்றைப் பாத்திரச் சமையலுக்கு ஆதாரமாய் நின்ற அந்த யந்திரம், இன்று தன் உலோகத்தின் எடையைத் தவிர வேறு மதிப்பற்றதாகி, உருக்குகிறவனின் வண்டிக்குக் காத்திருக்கிறது. கும்பகோணத்தில் அவ்விதம் காத்திருந்த ஒன்றை நான் வாங்கி வந்து, பிரித்து, துலக்கி, தேய்ந்ததை மாற்றி, மறுபடியும் எரியச் செய்தேன். அந்த வேலையினூடே எனக்கு உறுதிப்பட்ட ஓர் அபிப்பிராயத்தைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்: பழுதுபார்த்தல் என்பது கைத்தொழில் மட்டுமன்று, அது உண்மையை அறியும் ஒரு மார்க்கம், ஒரு பொருளைப் பிரித்துப் பார்த்தவனிடம் அதைப் பற்றி எவரும் எளிதில் பொய் சொல்லிவிட முடியாது.

முதலில் அதன் பூர்வ கதையைச் சுருங்கச் சொல்லிவிடுகிறேன். மண்ணெண்ணெயில் எரியும் அடுப்புகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இருந்தன என்றாலும், அவை திரியை நம்பியவை. திரி எரிந்த இடத்தில் கரியும், கரி படிந்த பாத்திரமும், நாள் முழுவதும் வீட்டில் தங்கும் நாற்றமும் அவற்றின் இயல்பாயிருந்தன. ஸ்டாக்ஹோம் நகரத்துத் தொழிற்சாலை ஒன்றில் மெக்கானிக்காக இருந்த பிரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்க்விஸ்ட் என்பவர், உலோக வேலைக்காரர்கள் கையில் பிடித்துக் காய்ச்சும் புளோ லாம்ப்பின் தத்துவத்தை எடுத்துக்கொண்டு, பக்கவாட்டில் சீறும் அதன் பர்னரை மேல்நோக்கி நிமிர்த்தி, 1892-ல் திரியில்லாத அடுப்பொன்றைச் செய்தார். 'பிரைமஸ்' என்று பெயர் பெற்ற அந்த அடுப்பு வெகு விரைவில் உலகமெங்கும் பரவிற்று. நான்சென் வடதுருவத்தை நோக்கிச் சென்றபோதும், அமுண்ட்சென் 1911-ல் தென்துருவத்தை அடைந்தபோதும் பனியை உருக்கிக் குடிநீராக்கியது இந்த அடுப்புதான். 1953 மே 29 அன்று எவரெஸ்டின் உச்சிக்குக் கிளம்பும் முன், இரவில் விறைத்துக் கல்லாகிவிட்ட தம் பூட்ஸுகளை எட்மண்ட் ஹில்லரி இத்தகைய ஒரு பிரைமஸின் தீயில் காட்டித்தான் இளக்கினார். மனித சஞ்சாரமே இல்லாத இடங்களில் உயிரைக் காத்த அதே யந்திரந்தான், ஒற்றை ஜன்னல் கொண்ட நம் ஒண்டுக்குடித்தன வீடுகளில் அரிசியை வேகவைத்துக்கொண்டிருந்தது.

அதன் செயல்முறை எளியது. அந்த எளிமைக்குள் அடங்கியிருக்கும் யுக்தியோ நினைக்க நினைக்க வியப்பூட்டுவது. தொட்டியில் முக்கால் பாகம் மண்ணெண்ணெய், மீதி கால் பாகம் காற்று. பர்னரின் அடியிலுள்ள சிறு கிண்ணத்தில் கொஞ்சம் ஸ்பிரிட்டை ஊற்றிப் பற்றவைத்தால், அந்தச் சூட்டில் பர்னரின் வளைந்த குழாய்கள் காய்கின்றன. ஸ்பிரிட் தீர்ந்து அணையப்போகும் தறுவாயில் காற்றுத் திருகை மூடிப் பம்பை அடித்தால், அழுந்திய காற்று எண்ணெயை நடுக்குழாய் வழியே மேலேற்றுகிறது. காய்ந்த குழாய்களுக்குள் புகுந்த எண்ணெய் ஆவியாகி, நிப்பிளின் கண்ணுக்கு அரிதான துவாரத்தின் வழியே சீறிப் புறப்பட்டு, சுற்றிலுமுள்ள காற்றை இழுத்துக் கலந்துகொண்டு, தலைமேலிருக்கும் தட்டில் மோதிப் பரந்து நீல ஜ்வாலையாகிறது. அந்த ஜ்வாலையே மறுபடி குழாய்களைக் காய்ச்சி, அடுத்து ஏறிவரும் எண்ணெயை ஆவியாக்குகிறது. இவ்வாறு தன் தீயாலேயே தன் தீயைப் போஷித்துக்கொள்ளும் அமைப்பு அது. அணைப்பதற்கும் வேறு உபாயம் வேண்டியதில்லை: திருகைத் தளர்த்தினால் காற்று வெளியேறும், அழுத்தம் போகும், எண்ணெய் தொட்டிக்கே இறங்கிவிடும். கல்யாண ஊர்வலத்திலும் தெருக்கூத்திலும் இரவைப் பகலாக்கிய பெட்ரோமாக்ஸ் விளக்குகளும் இந்தத் தத்துவத்தின் வழி வந்தவையே.

நான் வாங்கிய ஸ்டவ், பம்பை அடித்தால் சிறிதும் எதிர்ப்பின்றித் தடியை உள்ளே விட்டுக்கொண்டது. பம்பின் மூடியைத் திருகித் தடியை உருவியபோது, அதன் நுனியில் கிண்ண வடிவத் தோல் வாஷர் ஓரங்கள் சுருண்டு, மரப்பட்டை போல் விறைத்துக் கிடந்தது. பம்ப் முழுவதும் இந்தக் கையகலம்கூட இல்லாத தோலை நம்பித்தான் நடக்கிறது. தடியைக் கீழே அழுத்தும்போது தோலின் விளிம்பு விரிந்து குழாயின் சுவரைக் கவ்விக் காற்றை முன்னே தள்ளுகிறது. மேலே இழுக்கும்போது அதே விளிம்பு ஒடுங்கிக் காற்றுக்கு வழிவிடுகிறது. குழாயின் அடியில் ஒரு சிறிய வால்வு, மெல்லிய ஸ்பிரிங்கின் தாங்கலில், உள்ளே போன காற்று திரும்பி வராதபடி அடைத்துக்கொள்கிறது. குளக்கரையோரம் பூட்டுக்குச் சாவி வெட்டிக்கொண்டும் கேஸ் ஸ்டவ் பழுதுபார்த்துக்கொண்டும் உட்கார்ந்திருக்கும் ஒரு முதியவர், தம் தகரப் பெட்டியின் அடியிலிருந்து பொருத்தமான வாஷர் ஒன்றைத் தேடி எடுத்துத் தந்தார். "அப்படியே மாட்டிடாதீங்க சார், காஞ்ச தோலு காத்தைப் பிடிக்காது. ராத்திரி பூரா தேங்கா எண்ணெயில ஊறட்டும்" என்றவர், காசை வாங்கிக்கொண்டு, "இதை இப்ப யார் சார் பத்தவைக்கிறாங்க?" என்று கேட்டார். ஊறிய தோல் விரலுக்கிடையே இளகி, குழாய்க்குள் மெல்லிய உராய்வோடு இறங்கியது. மறுபடி பம்பை அடித்தபோது காற்றின் எதிர்ப்பு உள்ளங்கையில் தெரிந்தது. ஒரு யந்திரம் உயிர்பெறுவதைக் கையால் உணர்வதில் ஓர் ஆனந்தம் உண்டு. அதை அனுபவித்தவர்கள் அதற்குப் பிறகு எந்தப் பொருளையும் அவ்வளவு சுலபமாகத் தூக்கி எறியமாட்டார்கள்.

பர்னரைக் கழற்றுவதுதான் கடினம். பல வருஷத்து வெப்பத்தில் திருகு மரைகள் ஒன்றோடொன்று இறுகிவிட்டிருக்கும். பலத்தைப் பிரயோகித்தால் தொட்டியின் மெல்லிய தகடே முறுக்கிக்கொண்டுவிடும். எண்ணெய் விட்டு, சூடு காட்டி, பொறுத்து, மறுபடி எண்ணெய் விட்டு, ஸ்பானரைச் சிறிது சிறிதாகத் திருப்ப வேண்டும். கழன்று வந்த பர்னருக்கும் நடுக்குழாய்க்கும் இடையே நசுங்கிய ஒரு வளையம் இருந்தது, அது ஈயம். மிருதுவான உலோகமாகையால் திருகும்போது தானே நசுங்கி, எவ்விடத்தும் இடுக்கின்றிப் பொருந்தி, ஆவியைக் கசியவிடாமல் தடுக்கும் என்று அதை அங்கே வைத்திருக்கிறார்கள். பர்னரின் குழாய்களுக்குள் கெட்டியாகப் படிந்திருந்தது எண்ணெயின் கரி. பர்னரைச் செக்கச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் அமிழ்த்தியபோது, சுருங்கும் உலோகத்தோடு ஒட்டி நிற்க இயலாத அந்தக் கரி செதில்செதிலாகப் பெயர்ந்து, தட்டத் தட்டக் கறுப்பு மாவாகக் கொட்டியது. நிப்பிளின் துவாரம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். தகரப் பட்டையின் நுனியில் மயிரிழை போன்ற கம்பி செருகிய ஸ்டவ் பின், அந்நாளில் ஒவ்வொரு வீட்டிலும் தீப்பெட்டியின் பக்கத்திலேயே இருக்கும். ஜ்வாலை மஞ்சளாகித் தடுமாறினால் அந்தப் பின்னால் நிப்பிளைக் குத்திவிடுவது சமைப்பவரின் அன்றாட வேலைகளில் ஒன்று. அந்தத் துவாரத்தை அளவு மீறிக் குத்தி அகலமாக்கிவிட்டால் ஆவி அதிகமாகி, காற்று போதாமல், நீலம் போய்ப் புகை வரும். ஆகவே புது நிப்பிளையே போட்டேன்.

இதற்குப் பின்னரே புறத்தைத் துலக்கலானேன். புளியும் சாம்பலும் கொண்டு தேய்க்கத் தேய்க்கக் களிம்பு விலகி, பித்தளையின் பொன்னிறம் எழுந்தது. தொட்டியின் தோளில் பிரைமஸின் முத்திரையும் ஸ்வீடனில் செய்தது என்னும் வாசகமும் படிக்கும்படியாயின. இன்னும் கொஞ்சம் தேய்த்தால் பளபளப்புக் கூடும் என்ற ஆசை அவ்விடத்தில் யாருக்கும் எழும். ஆனால் கற்கோயில்களின் திருப்பணியில், சுண்ணாம்பை அகற்றுகிறோம் என்று மணலை வேகமாய் வீசிச் சிற்பங்களின் நுண்மையையும் கல்வெட்டெழுத்தின் கூர்மையையும் தேய்த்தழித்த கதையை நாம் அறிவோம். ஜீர்ணோத்தாரணம் என்பது ஜீர்ணித்ததை மீட்பதேயன்றி, அதன் வயதை அழிப்பதன்று. எனவே எழுத்துகள் தெளிந்த இடத்தில் தேய்ப்பதை நிறுத்தினேன். தொட்டியின் ஒரு பக்கத்தில் நெடுநாளைக்கு முன் எங்கோ விழுந்து உண்டான ஒடுக்கு இருந்தது. ஒழுக்கு எதற்கும் அது காரணமாகவில்லையாதலால் அதையும் அப்படியே விட்டேன். அடுப்புக்கு அழகு என்பது எரிவதுதான்.

எரிப்பதற்கு முன் செய்யவேண்டிய பரீட்சை ஒன்று உண்டு. காலித் தொட்டியை மூடி, பம்பை அடித்து, தண்ணீர் நிறைந்த வாளியில் அமிழ்த்திப் பார்க்க வேண்டும். பற்று விட்ட இடமிருந்தால் அங்கே குமிழிகள் வரிசையாக எழும். எண்ணெய் மூடியின் ரப்பர் வாஷரடியில் அவ்வாறு எழுந்தன, அதை மாற்றினேன். இந்தப் பரீட்சையைச் செய்தபோதுதான் ஒரு விஷயம் எனக்குப் பிரத்தியட்சமாயிற்று. இந்த அடுப்பின் வாஷர் தேய்ந்தால் காற்றுக் கசியும். கசிந்தால் அழுத்தம் குறையும். குறைந்தால் ஜ்வாலை தாழ்ந்து அணையும். நிப்பிள் அடைத்தாலும் விளைவு அதுவே. அதாவது, அதன் பழுதுகளில் மிகப் பெரும்பாலானவை அதை அணைக்கும் பழுதுகளேயன்றி, வெடிக்கச் செய்யும் பழுதுகள் அல்ல.

இதை இவ்வளவு அழுத்தமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் தலைமுறையினருக்கு 'ஸ்டவ்' என்றவுடன் காப்பியின் மணம் நினைவுக்கு வருவதற்கு முன்பே, தினசரிகளின் உட்பக்கத்து மூலையில் இடைவிடாமல் வந்துகொண்டிருந்த ஒரு செய்தி நினைவுக்கு வந்துவிடும்: ஸ்டவ் வெடித்து இளம்பெண் சாவு. மணமாகிச் சில மாதங்களோ சில வருஷங்களோ ஆன பெண், சமையலறை, மண்ணெண்ணெய், உடல் முழுதும் தீக்காயம், விபத்து என்று பதிவு, முடிந்தது வழக்கு. 1970-களின் இறுதியில் டில்லியில் பெண்கள் அமைப்புகள் தெருவுக்கு வந்து, இவற்றில் பல விபத்துகளல்ல, வரதட்சிணைக்காகச் செய்யப்பட்ட கொலைகள் என்று உரக்கச் சொல்லும் வரை, அந்தப் பதிவுகளை ஐயுறவேண்டும் என்று அரசாங்கத்துக்கோ பொதுஜனத்துக்கோ தோன்றவில்லை. மருமகள் நின்ற வேளையில் மாத்திரம் வெடிக்கத் தெரிந்த அடுப்பு எது என்று அவர்கள் கேட்ட கேள்விக்கு எவரிடமும் பதில் இல்லை. அதன் பயனாகவே 1983-ல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 498-ஏ பிரிவும், 1986-ல் 304-பி பிரிவும் சேர்ந்தன. திருமணமான ஏழு ஆண்டுகளுக்குள் ஒரு பெண் தீக்காயத்தாலோ இயற்கைக்கு மாறான வேறு காரணத்தாலோ இறந்து, அதற்குச் சற்று முன் வரதட்சிணைக்காகக் கொடுமைப்படுத்தப்பட்டாள் என்று தெரியவந்தால் அது வரதட்சிணை மரணம் எனக் கருதப்படும் என்ற விதி வந்தது. 2024 ஜூலை முதல் நடப்பிலிருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அவ்விதி தொடர்கிறது.

பம்ப் ஸ்டவ் அபாயமே அற்றது என்று நான் வாதாடவில்லை. அப்படி வாதாடுவது இன்னொரு பொய்யாகும். பர்னர் சரியாகக் காய்வதற்கு முன் பம்பை அடித்தால், ஆவியாகாத எண்ணெய் பீறிட்டு மஞ்சள் தீயாக ஆளுயரம் எழும். எரிந்துகொண்டிருக்கும்போதே மூடியைத் திறந்து எண்ணெய் ஊற்றியவர்கள் வெந்ததுண்டு. மண்ணெண்ணெயில் பெட்ரோல் கலந்துவிட்டால் அந்தத் தொட்டி எமனேதான். தரையில் வைத்த அடுப்பின் முன் குந்தியிருந்து சமைக்கும் பெண்ணின் நைலான் புடவைத் தலைப்பு தீயைத் தொடுவதற்கு ஒரு கணம் போதும். இவ்வாறு உண்மையாகவே நேர்ந்த விபத்துகளில் மாண்டவர்கள் பலர். அவர்களுடைய துயரத்தையும் கொலையென்று கூறிவிடலாகாது. ஆனால் இந்த இரண்டையும் பிரித்தறிவதற்குச் சாட்சி அங்கேயே இருந்தது. வெடித்த தொட்டிக்குக் கிழிந்த தகடு இருக்கும். பற்று விட்ட இடம் இருக்கும். பீறிட்ட பர்னரில் ஈரக்கரி இருக்கும். எண்ணெய் ஊற்றும்போது பற்றியிருந்தால் மூடி கழன்றிருக்கும். மூடியும் திருகும் வாஷரும் முழுசாயிருக்க, தொட்டி நசுங்காமல் மூலையில் நிற்க, 'ஸ்டவ் வெடித்து' என்று எழுதிய கை, அந்த ஸ்டவ்வைக் குனிந்து பார்க்கவில்லை என்பதே அதன் பொருள். பிரித்துப் பார்ப்பதற்கு ஒரு ஸ்பானரும் அரைமணி நேரச் சிரத்தையும் போதுமாயிருந்தன. அவை கிடைக்காமல் போனதால், பேச நாவில்லாத ஒரு பித்தளைப் பாத்திரத்தின் தலையில் மனிதர்களின் பாதகம் ஏற்றப்பட்டது. இறந்த பெண்ணுக்கு நியாயமும் மறுக்கப்பட்டது.

ஆகவேதான் பழுதுபார்த்தலை அறிவின் ஒரு துறையாக நான் மதிக்கிறேன். நம் சமூகம் அதை நெடுங்காலமாக அடித்தட்டு உழைப்பென்று ஒதுக்கி வைத்தது. அடுப்பை உபயோகித்தவர்கள் பெண்கள். அதைப் பிரித்துப் பார்த்தவர்கள் தெருவோரத்து ரிப்பேர்க்காரர்கள். அதைப் பற்றிப் பதிவெழுதியவர்கள் இந்த இரு சாராரையும் கேட்காத மூன்றாமவர்கள். நிப்பிளை நித்தம் குத்திய பெண்ணுக்கும், ஈய வளையத்தை மாற்றிய ரிப்பேர்க்காரருக்கும் அந்த அடுப்பைப் பற்றித் தெரிந்திருந்தது, அவர்களுடைய வாக்குமூலமாக எந்தக் காகிதத்திலும் ஏறவில்லை. கைக்குத் தெரிந்தது அறிவாகக் கணக்கிடப்படாத இடத்தில் பொய்க்கு வேலை சுலபம்.

பிறகு சமையல் எரிவாயு வந்தது. 2006-ல் ஆட்சிக்கு வந்த தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு எரிவாயு அடுப்பை இலவசமாகவே கொடுக்க முற்பட்டது. 2016-ல் மத்திய அரசின் உஜ்வலா திட்டம் தொடங்கிற்று. ரேஷன் கடையில் நீலச் சாயமிட்ட மண்ணெண்ணெய்க்காக டின்னோடு வரிசையில் நின்ற காலம் போயிற்று. இது நல்ல மாறுதல். பெண்களின் கண்ணுக்கும் நுரையீரலுக்கும், ஏன், உயிருக்குமே நல்லது. பம்ப் ஸ்டவ்வுக்குத் திரும்ப வேண்டும் என்று நினைக்க எனக்கு எவ்விதக் காரணமும் இல்லை. ஆனால் அந்த அடுப்போடு போய்விட்ட ஒன்றைப் பற்றி மாத்திரம் நாம் யோசிக்க வேண்டும். அதன் ஒவ்வோர் அங்கமும் திருகினால் கழலும்படி இருந்தது. தோலோ ஈயமோ ரப்பரோ, தேய்வது எதுவோ அது தனியே, மலிவாக, மூலைக்கடையில் கிடைத்தது. தேயாதது தலைமுறைகளைக் கடந்து நின்றது. தேயும் பாகத்தையும் நிலைக்கும் பாகத்தையும் இவ்வாறு பிரித்து வைத்துச் செய்வதில், வாங்குகிறவனை மதிக்கும் ஒரு தர்மம் இருந்தது. இன்று நம் வீடுகளுக்குள் வரும் சாதனங்களில் பல, பசையால் ஒட்டப்பட்டு, திறந்தால் உடையும்படியாகவும், உடைந்தால் எறியும்படியாகவும் செய்யப்படுகின்றன. திறக்க முடியாத பொருளைப் பற்றி அதைச் செய்தவன் சொல்வதை நாம் அப்படியே நம்பியாக வேண்டும்; அது கெட்டதற்கு நாமே காரணம் என்று அவன் சொன்னாலும் நம்பியாக வேண்டும்.

பழுதுபார்த்து முடித்த ஸ்டவ்வில் ஸ்பிரிட் ஊற்றிக் காய்ச்சிப் பம்பை அடித்தேன். ஒரு கணம் மஞ்சளாகத் தயங்கிய தீ, குழாய்கள் காய்ந்ததும் பேரொலியுடன் நீலமாயிற்று. ஒரு லிட்டர் தண்ணீர் சிறிது நேரத்தில் தளதளவென்று கொதித்தது. அந்த ஒலியைக் கேட்டுப் பக்கத்து வீட்டு அம்மாள் வந்து பார்த்து, "இதுலதான் எங்க அம்மா எங்க அஞ்சு பேருக்கும் ஆக்கிப் போட்டாங்க" என்றார். அதையும் அந்த அடுப்பின் வரலாற்றில் சேர்த்தே எழுத வேண்டும்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு ஸ்டவ் கிடக்கக்கூடும். அதை எடைக்குப் போடுமுன் ஒரு நாள் கீழே இறக்குங்கள். அதை உபயோகித்தவர்கள் இன்னும் வீட்டில் இருந்தால் அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, பம்பையும் பர்னரையும் கழற்றி, ஒவ்வோர் அங்கமும் எதற்கென்று அவர்களையே கேளுங்கள். பிள்ளைகள் கூட இருந்து பார்க்கட்டும். காப்பி போட்டதையும் அதன் பெயரால் செய்த கொலைகளையும், இரண்டையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். ஒரு பொருளைத் திறந்து பார்க்கும் துணிவை நம் பிள்ளைகளுக்குக் கற்பித்துவிட்டால், எழுதி மூடப்பட்ட பதிவுகளையும் திறந்து பார்க்க அவர்கள் தாமே கற்றுக்கொள்வார்கள்.